பின் வளவு முழுக்கக் கோரை: உழுதது பிழையாப் போச்சோ?

வளவுக்காரன் | உரும்பிராய் | 2023 நவம்பர் 18

எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருசம் கொழும்பிலை இருந்திட்டு இந்த வருசம்தான் ஊருக்கு வந்தனான். அம்மான்ரை வளவு இரண்டு பரப்பு. பின் பக்கம் ஆள் புழங்காமல் கிடந்தது. அறுகு, நாயுருவி, வேலிக்கரையிலை இப்பில் இப்பில் மரம், நடுவிலை அங்கொண்டு இங்கொண்டாக் கோரை. கத்தரி, மிளகாய், வெண்டி வைப்பம் எண்டு புரட்டாசியிலை ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மிசினைப் பிடிச்சு இரண்டு தரம் உழுவிச்சன். செம்மண் மாப்போலை வந்திட்டுது. அயலட்டை வந்து பாத்து "நல்ல வடிவாக் கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம்.

ஐப்பசி மழை விழுந்து பத்து நாள் போகேல்லை, நாத்துமேடை மாதிரிக் கோரை எழும்பிட்டுது. கத்தரிக் கண்டை இப்ப தேடித்தான் பிடிக்கவேணும். பிடுங்கினால் இலை மட்டும் கையோடை வருது. ஆள் பிடிச்சுச் செருக்கினன், ஒரு கிழமையிலை பழையபடி. நேற்று விசரிலை மண்வெட்டியாலை ஒரே ஒரு வெட்டு வெட்டி, அந்த மண்ணைச் சுளகிலை போட்டுப் புடைச்சுப் பாத்தன். 23 கிழங்கு. கச்சான் கொட்டையளவிலை, கறுப்பா, மயிரோடை. சிலது கம்பி மாதிரி ஒரு வேரிலை கோத்துக் கிடக்கு. நகத்தாலை கீறினால் உள்ளுக்கு வெள்ளை, நாட்டு மருந்துக் கடை வாசம்.

ஒரு வெட்டுக்கு 23 எண்டால் முழு வளவுக்கும் கணக்குப் பாக்கப் பயமாக் கிடக்கு. மருந்தடிக்கலாமோ? கிணறு பாத்தியிலை இருந்து பதினைஞ்சு அடியிலை.


கடைக்காரத்தம்பி | சுன்னாகம் | 2023 நவம்பர் 18

அண்ணை கிளைபோசேற் எண்ட களைநாசினியை அடியுங்கோ, அலுவல் முடிஞ்சுது. 2015 இலை தடை செய்தவை, 2018 இலை தேயிலைக்கும் றப்பருக்கும் விட்டவை, 2022 இலை தடையையே எடுத்தாச்சு. இப்ப பயமில்லை.


செம்மண்புழுதி | நீர்வேலி | 2023 நவம்பர் 18

தம்பி வளவுக்காரன், நீங்கள் உழவில்லை, கோரையை நட்டிருக்கிறியள். குறை நினைக்காதேங்கோ, நானும் இருபது வருசத்துக்கு முந்தி வாழைக்காணியிலை இதே வேலையைத்தான் செய்தனான்.

அந்தக் கம்பி மாதிரி வேரைப் பாத்தியள் அல்லே, சங்கதி அதுக்குள்ளைதான். கிழங்கு ஒண்டோடை ஒண்டு கோத்து இருக்கும் மட்டும் நுனிக் கிழங்குதான் முளைக்கும். மற்றதுகள் நித்திரை. மிசின் வந்து அந்தக் கோர்வையைத் துண்டு துண்டா அறுத்துப்போட்டால் எல்லாம் தனித்தனியா முழிச்சுக்கொள்ளும். முந்தி நூறு கோரை நிண்ட இடத்திலை இப்ப ஐந்நூறு நிக்கும். அதோடை மழைக்கு முதல் உழுதிருக்கிறியள். அறுபட்ட கிழங்குக்கு உடனை தண்ணி. அதுக்கு வேற என்ன வேணும்?

இதே உழவை வைகாசி ஆனியிலை, சோளகக் காத்து (தென்மேற்குக் காத்து) வீசேக்கை, ஒரு சொட்டுத் தண்ணி விடாமல் செய்திருந்தால் பாதிக் கிழங்கு மேலை வந்து காஞ்சு செத்திருக்கும். உழவு பிழையில்லை. மாதம்தான் பிழை.

கடைக்காரத்தம்பிக்கு: உன்ரை யாவாரத்தைக் கெடுக்கிறன் எண்டு கோவிக்காதை. அந்த மருந்து பச்சை இலைக்குள்ளாலைதான் கிழங்குக்குப் போகும். இலை விட்ட கிழங்கு சாகும், நித்திரையிலை கிடக்கிறதுக்கு ஒண்டும் நடவாது. அது அடுத்த மாதம் வரும். பிறகு திரும்ப அடி, திரும்ப வரும். வயல் வரம்பு எண்டால் வேற கதை. வீட்டு வளவிலை கத்தரிக்கும் மிளகாய்க்கும் நடுவிலை நிண்டு எப்பிடி அடிக்கிறது? காத்துக்கு ஒரு தூவானம் பட்டால் போதும், முருங்கைக் குருத்தும் போச்சு, பப்பாசியும் போச்சு.


கடைக்காரத்தம்பி | சுன்னாகம் | 2023 நவம்பர் 19

கண்டுக்குப் படாமல் மூடிபோட்டு அடிக்கலாம் அண்ணை. எல்லாரும் அடிக்கினம்தானே.


முசுட்டை | கரவெட்டி | 2023 நவம்பர் 19

எல்லாரும் அடிக்கிறதாலைதான் தம்பி எங்கடை கிணத்தைப் பற்றி இவ்வளவு கதை. யாழ்ப்பாணத்திலை கிணத்துத் தண்ணி எண்டது சுண்ணாம்புக்கல்லு வெடிப்புக்குள்ளாலை ஓடுற தண்ணி. மேலை கொட்டினது கீழை போகாது எண்டு யார் சொல்லுவினம்? உரத்தாலை வலிகாமத்துக் கிணறுகளிலை நைத்திரேற்று ஏறினது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். பதினைஞ்சு அடியிலை கிணறு எண்டு அந்தத் தம்பியே எழுதியிருக்கிறார். அதிலைதானே உலைக்கும் தண்ணி அள்ளுறது.

வளவுக்காரன், கோரையைத் தவிர வேற என்ன முளைச்சிருக்கு எண்டு படம் போடுங்கோ. எல்லாத்தையும் களை எண்டு பிடுங்கி எறிஞ்சிடாதேங்கோ.


மொன்றியல்குளிர் | கனடா | 2023 நவம்பர் 19

இங்கை யூடியூப்பிலை உப்பும் வினாகிரியும் கலந்து அடிச்சுக் காட்டுகினம். இரண்டு மணித்தியாலத்திலை புல்லு வாடுது. செலவும் இல்லை. முயற்சி செய்து பாக்கலாமே?


தீவான் | வேலணை | 2023 நவம்பர் 19

எங்கடை ஊரிலை உப்பு காசில்லாமல் மண்ணுக்குள்ளையே கிடக்கு அண்ணை. புல்லு நல்லா வளருது. மிளகாய்தான் வளருதில்லை.


போதனாசிரியர் | மட்டுவில் | 2023 நவம்பர் 20

தீவான் இரண்டு வரியில் சொன்னதற்கு மேல் உப்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வினாகிரி இலையைத்தான் கருக்கும். விதையில் முளைத்த பிஞ்சுக் களை அதில் செத்துவிடும். கிழங்குள்ள கோரையும் வேர்த்தண்டுள்ள அறுகும் திரும்பத் தளிர்க்கும்.

விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத்தோட்டக்காரர்கள் முதலில் செய்யும் பிழை, எல்லாக் களைக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பது. என்னிடம் ஒருவர் களை என்று வந்தால் நான் கேட்கும் முதற் கேள்வி, "விதையால் வருகிறதா, அடியால் வருகிறதா?"

சாரணை, குப்பைக்கீரை, அம்மான் பச்சரிசி, கீழ்காய்நெல்லி, குப்பைமேனி எல்லாம் விதைக்காரர்கள். மண்ணுக்குள் விதை வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நாம் கொத்தும்போது மேலே வந்து வெளிச்சம் பட்டதும் முளைக்கும். ஆகவே கொத்தக் கொத்தக் களை வருகிறதே என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை, கொத்துவதால்தான் வருகிறது. இவர்களை ஏமாற்ற ஒரு வழி உண்டு. பாத்தி கட்டி, எருப் போட்டு, கன்று வைக்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். எட்டுப் பத்து நாளில் பொலபொலவென்று முளைக்கும். இரண்டு இலைப் பருவத்தில் உழவாரத்தால் மேலாகச் செருக்கிவிட்டு அதன்பிறகு கன்றை வையுங்கள். செருக்கும்போது அரை அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. ஆழப் போனால் அடுத்த தொகுதியை எழுப்பிவிடுவீர்கள். நேரம் இருந்தால் இதையே இரண்டு முறை செய்யலாம்.

உழவாரம் என்று சொன்னேன். இப்போது பல வீடுகளில் அது இல்லை. மண்வெட்டியால் கொத்துவது வேறு, உழவாரத்தால் செருக்குவது வேறு. குந்தியிருந்து, தகடு நிலத்தோடு படிய முன்னே தள்ள வேண்டும். களையின் கழுத்து மண்மட்டத்தில் அறும், மண் புரளாது. திருநாவுக்கரசர் கையில் இருப்பது அதுதான். கோயில் வீதிப் புல்லை மண்வெட்டியால் கொத்தியிருந்தால் அவர் ஒவ்வொரு மழைக்கும் திரும்ப வர வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது அடியால் வருபவர்கள். கோரையும் அறுகும். இவர்களோடு பொறுமைதான் வேலை செய்யும். கோரை முளைத்து மூன்று கிழமை அளவில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதுவரை அது பழைய கிழங்கில் இருக்கும் சேமிப்பைச் செலவழித்துத்தான் இலை விடுகிறது. ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருமுறை, கட்டாயமாக, இலையை அறுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கு கடன்பட்டு ஓய்ந்துபோகும். ஒரு மாதம் விட்டுவிட்டுப் பார்த்தால் அது கடனை அடைத்து வட்டியும் சேர்த்திருக்கும். கோரைக்கு இன்னொரு பலவீனம் நிழல். வெயில் இல்லாத இடத்தில் அது மெலியும். வத்தாளை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு), பூசணி, கௌபி போல நிலத்தை மூடிப் படரும் பயிர்தான் அதற்கு நல்ல எதிரி. எனது தெரிவு வத்தாளை.

கறுப்புப் பொலித்தீன் விரிக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். மற்றக் களைக்கு நல்லது. கோரையின் முளை ஊசிபோல அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.


செம்மண்புழுதி | நீர்வேலி | 2023 நவம்பர் 20

ஐயா சொன்னது சரி. ஒண்டை மட்டும் சேக்கிறன். செருக்கின அறுகையும் அள்ளின கோரைக்கிழங்கையும் எருக்கும்பியிலை போடாதேங்கோ. ஈரத்திலை அங்கையே வேர் விடும். நான் பழைய தகரம் ஒண்டிலை பரப்பி இரண்டு கிழமை வெயிலிலை விடுறனான். கையிலை எடுத்து நொறுக்கினால் தூளாகவேணும். அதுக்குப் பிறகு எங்கை கொட்டினாலும் பரவாயில்லை.


மட்டுறுத்துநர் | 2023 நவம்பர் 20

மருந்துக்கடை ஒன்றின் தொலைபேசி இலக்கத்தோடு வந்த பதிவு நீக்கப்பட்டது. விளம்பரத்துக்கு வேறு பகுதி இருக்கிறது. தொடருங்கள்.


வளவுக்காரன் | உரும்பிராய் | 2023 நவம்பர் 26

எல்லாருக்கும் நன்றி. மருந்து யோசினையை விட்டிட்டன், அம்மா கிணத்தைக் காட்டி ஒரே சொல்லிலை முடிச்சிட்டா.

முசுட்டை அக்கா, படம் போட்டிருக்கிறன். முதலாவது, நிலத்தோடை படர்ந்து தடிச்ச இலையும் சிவத்தத் தண்டுமாக் கிடக்கிறது. இரண்டாவது, வேலியிலை ஏறுற கொடி. மூண்டாவது, கரட் இலை மாதிரி வெட்டு வெட்டான இலையோடை சின்ன வெள்ளைப் பூ. மூண்டாவது நான் போன மாதம் மாட்டெரு கொட்டின இடத்திலை மட்டும்தான் நிக்குது. அம்மா செவ்வந்தி எண்டு நினைச்சுத் தண்ணியும் விட்டிருக்கிறா.


முசுட்டை | கரவெட்டி | 2023 நவம்பர் 26

ஐயோ! மூண்டாவது பார்த்தீனியம்! வெறுங்கையாலை தொடாதேங்கோ.

முதலாவது சாரணை. இளம் இலையா ஆய்ஞ்சு, அரிஞ்சு, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வறை செய்யலாம். ஒரு சட்டி இலை வதங்கினால் ஒரு பிடிதான் வரும். அதாலை நிறைய ஆயுங்கோ. களையும் குறையும், கறிக்காசும் மிச்சம். மருந்தடிச்ச காணியிலை, றோட்டுக்கரையிலை நிக்கிறதை மட்டும் எடுக்காதேங்கோ. இரண்டாவது வேற ஒண்டுமில்லை, என்ரை பேர்தான். முசுட்டைக் கொடியை அறுத்து எறிஞ்சியள் எண்டால் நான் உரும்பிராய்க்கு வந்து சண்டை பிடிப்பன். சந்தையிலை கட்டுக் கட்டா விக்கிற சாமான் அது.


போதனாசிரியர் | மட்டுவில் | 2023 நவம்பர் 26

பார்த்தீனியத்தை நகைச்சுவையாக எடுக்க வேண்டாம். மற்றவை களை. இது நோய். அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்திய இராணுவம் இங்கிருந்த காலத்தில் ஆடுகளோடு வந்தது என்று எங்கள் சனம் சொல்லும். தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதை வளரவிடுவதே குற்றம் ஆக்கப்பட்டிருக்கிறது. தோலில் பட்டால் சிலருக்குக் கடியும் கொப்புளமும் வரும், மகரந்தம் மூச்சில் போனால் இழுப்புக்காரர் பாடு திண்டாட்டம். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். முளைத்து ஒன்று ஒன்றரை மாதத்தில் பூத்தும்விடும்.

நீளக்கைச் சட்டை, கையுறை, வாய்க்கு ஒரு துணி. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு இழுங்கள். பூத்த செடியை உதறாமல் நேரே உரப்பைக்குள் வையுங்கள். காய்ந்த பின்பு எரிக்கலாம், அல்லது ஆழக் கிடங்கு வெட்டித் தாழ்க்கலாம். ஒரு முறை பிடுங்கி முடியாது. மாரி முடியும்வரை பத்து நாளைக்கு ஒருதரம் அந்த இடத்தைப் பாருங்கள்.

எருவோடு வந்திருக்கிறது என்பது உங்கள் குறிப்பிலேயே தெரிகிறது. மாடு தின்ற விதை பல சாணத்தோடு உயிராகவே வெளியில் வரும், பட்டியைக் கூட்டி அள்ளும்போது தரையில் கிடந்த விதையும் சேரும். பச்சை எருவை வாங்கிய கையோடு பாத்தியில் கொட்டக்கூடாது. குழையும் சாணமுமாக அடுக்கி, நனைத்து, மூடிவைத்தால் கும்பியின் நடு கை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டில் பெரும்பாலான விதை செத்துவிடும். ஓரத்தில் இருப்பதை நடுவுக்கு வரும்படி இரண்டு மூன்று தரம் புரட்ட வேண்டும், இல்லையென்றால் ஓரம் அப்படியே பிழைத்துக்கொள்ளும்.


செம்மண்புழுதி | நீர்வேலி | 2023 நவம்பர் 27

மருந்துக் கதை முடிஞ்சுது எண்டாலும் ஒரு சம்பவம் சொல்லவேணும், ஆருக்காவது உதவும். நான் போன வருசம் தக்காளிக்கு இலைப்பசளை அடிக்க ஒரு தெரிஞ்ச பெடியனிட்டைத் தெளிகருவி இரவல் வாங்கினன். நாலு நாளிலை தக்காளிக் குருத்து சுருண்டு, இலை கயிறு மாதிரி ஒடுங்கி, தண்டு முறுக்கிக்கொண்டு நிண்டுது. வைரஸ் எண்டு நினைச்சு முப்பது கண்டைப் பிடுங்கினன். பிறகு விசாரிச்சால் அந்த மிசினாலை அவன் வயலுக்கு எம்.சி.பி.ஏ. எண்ட களைநாசினி அடிச்சிருக்கிறான். "கழுவினனான் அண்ணை" எண்டான். ஒருதரம் தண்ணி விட்டு ஆட்டி ஊத்தினதைத்தான் கழுவினதெண்டு சொல்லுறான். தக்காளிக்கு அந்த மருந்தின்ரை மணம் பட்டாலே போதும்.

களைநாசினி அடிச்ச மிசினை மரக்கறிக்குக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. இரவல் மிசின் வேண்டவே வேண்டாம்.


கடைக்காரத்தம்பி | சுன்னாகம் | 2023 நவம்பர் 27

இது நூற்றுக்கு நூறு உண்மை. கடைக்கு வாற ஆக்களுக்கு நானும் சொல்லுறனான், இரண்டு மிசின் வையுங்கோ எண்டு. இரண்டாவது மிசின் விக்கிறதுக்காகச் சொல்லுறன் எண்டு நினைக்கினம்.


மொன்றியல்குளிர் | கனடா | 2023 டிசம்பர் 3

இப்பில் இப்பிலைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே. எங்கடை கோண்டாவில் காணியிலை அது காடாப் போச்சு எண்டு பாக்கிற ஆள் படம் அனுப்பியிருக்கிறார்.


தீவான் | வேலணை | 2023 டிசம்பர் 3

ஆடு வளக்கிற ஆரையாவது உள்ளுக்கு விடுங்கோ. குழைக்கு அலைஞ்சு திரியிற சனம் கூலி கேளாமலே வெட்டிக்கொண்டு போகும். ஆனால் வெட்டினால் சாகாது, கட்டையிலை இருந்து நாலா வெடிக்கும். சின்னதுகளை மழை ஈரத்திலை அலவாங்கு போட்டு வேரோடை நெம்பவேணும். நெத்து முத்திக் கொட்ட விட்டியள் எண்டால் பேரப்பிள்ளையளும் பிடுங்குங்கள்.


வளவுக்காரன் | உரும்பிராய் | 2024 மார்ச் 10

கன காலத்துக்குப் பிறகு வாறன். நடந்ததைச் சொல்லுறன்.

கத்தரி தப்பிட்டுது. வெண்டி அரைவாசி. மிளகாயைக் கைவிட்டிட்டன். கோரையை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் செருக்கினன். தைப்பொங்கலோடை காய்ச்சல் வந்து ஒரு மாதம் தவறிப்போச்சு. ஐயா சொன்ன வட்டியை அப்ப கண்ணாலை கண்டன். பார்த்தீனியம் நாலு தரம் பிடுங்கினன், இப்ப இல்லை.

தண்ணி விடுறதையும் மாத்திட்டன். முந்தி வாய்க்காலாலை பாத்தி முழுக்க நிரப்புறது. களைக்கும் சேத்துத்தான் இறைச்சிருக்கிறன். இப்ப ஓட்டை போட்ட போத்திலைக் கண்டுக்குப் பக்கத்திலை தாட்டு வைச்சிருக்கிறன். கண்டடிக்கு மட்டும் ஈரம், இடைவெளி காஞ்சு கிடக்கு. இடைவெளிக்கு வாழைச்சருகும் பனையோலைத் துண்டும் நாலு விரல் தடிப்பிலை. ஓலைக்குக் கீழை பாம்பு வருமோ எண்டு அம்மாவுக்குப் பயம். இதுவரை ஒரு அரணைதான் வந்தது.

சித்திரை பிறக்கிறதுக்குள்ளை வெறும் பக்கத்தை உழலாம் எண்டிருக்கிறன். சரியோ?


செம்மண்புழுதி | நீர்வேலி | 2024 மார்ச் 10

சித்திரைச் சிறுமாரி ஒண்டு விழும், அதையும் விட்டிட்டுப் பொறுங்கோ. வைகாசி நடுவிலை உழுங்கோ. உழுது ஒரு கிழமையிலை திரும்பப் பிரட்டுங்கோ, கீழை கிடக்கிறது மேலை வரவேணும். மேலை வந்த கிழங்கைக் கூட்டி அள்ளுங்கோ. அந்தப் பக்கம் ஆடி முடியும் மட்டும் தண்ணி மோட்டரைப் போடாதேங்கோ. அதுக்குப் பிறகு வத்தாளை.


வளவுக்காரன் | உரும்பிராய் | 2024 செப்டெம்பர் 8

சொன்னபடி வைகாசியிலை இரண்டு தரம் பிரட்டினன். உரப்பையிலை ஒரு பை கிழங்கு அள்ளித் தகரத்திலை காய விட்டன். ஆவணி தொடங்க அந்தப் பக்கம் வத்தாளைக் கொடி நட்டனான், இப்ப படரத் தொடங்கியிருக்கு. போன வருசம் வெட்டின அதே இடத்திலை நேற்று மண்வெட்டியாலை ஒரு வெட்டு வெட்டிச் சுளகிலை புடைச்சன். 5 கிழங்கு. அதிலை இரண்டு நெரிச்சால் பொக்கு.

கிணத்தடியிலை மட்டும் ஒண்டும் சரிவரேல்லை. உடுப்புத் தோய்க்கிற தண்ணி எந்த நாளும் ஓடுது, நல்ல வெயிலும் கூட. அங்கை கோரை தன்ரை பாட்டுக்கு நிக்குது. அதை விட்டிட்டன்.

இன்னுமொரு சங்கதி. நேற்று விநாயகர் சதுர்த்தி. விடியக் காலமை அம்மா பிள்ளையாருக்கு அறுகு ஆயப் பின் வளவுக்குப் போனவ, வெறுங்கையோடை திரும்பி வந்து என்னை ஒரு பார்வை பாத்தா. பிறகென்ன, பக்கத்து வீட்டு ஐயாட்டைப் போய் அறுகு கேட்டன். போன வருசம் உழுதபோது வடிவாக் கிடக்கு எண்டு சொன்ன அதே மனிசன். ஒரு பிடி ஆய்ஞ்சு தந்திட்டுக் கேட்டார், "நடுறதுக்கு வேரோடை தரட்டோ தம்பி?"


முசுட்டை | கரவெட்டி | 2024 செப்டெம்பர் 8

ஒரு சாடியிலை நடுங்கோ. நிலத்திலை வேண்டாம்.